பதினொரு வாரமாக இரையெடுக்காத ராயல் பைத்தான்

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறோம். என் 14 வயது மகன் ஆண் ராயல் பைத்தான் (சிறிய வகை மலைப்பாம்பு) ஒன்றை வளர்க்கிறான். அதற்கு மூன்று வயது. அக்டோபர் கடைசியில் வீடு மாறினோம். அன்றிலிருந்து பதினொரு வாரமாக அது எதையும் தின்னவில்லை. அப்போது 1,140 கிராம் இருந்தது, இன்று 1,082. நான்கு நாளுக்கு ஒருமுறை, உறையவைத்து விற்கும் 100 கிராம் எலியை உருக்கிக் கொடுத்துப் பார்க்கிறோம், முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கண்ணாடித் தொட்டியின் அடியில் ஹீட் மேட் (சூடாக்கும் விரிப்பு) இருக்கிறது, வெப்பமானி 30 டிகிரி காட்டுகிறது. வாயைத் திறந்து ஊட்டலாமா? ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் பாலும் முட்டையும் வைத்துப் பார்க்கச் சொல்கிறார். பிப்ரவரி விடுமுறையில் ஒரு வாரம் வெளியூர் போக வேண்டும், போகலாமா? பாம்பு சாப்பிடவில்லை என்று மகனும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

பதில்:

நீங்கள் எடையை எழுதி அனுப்பியது பெரிய உதவி. இப்படிக் கேட்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் "மெலிந்துவிட்டது" என்பார்களே தவிர, தராசில் வைத்திருக்க மாட்டார்கள். 1,140-லிருந்து 1,082 என்றால் 58 கிராம் குறைந்திருக்கிறது, அதாவது ஐந்து சதவீதம். அதிலும் ஒரு பகுதி கழிவாகப் போயிருக்கும். இந்த அளவுள்ள ஆண் பாம்பு ஒருமுறை நன்றாகக் கழித்தாலே முப்பது, நாற்பது கிராம் இறங்கும். நவம்பர் முதல் மார்ச் வரை வளர்ந்த ஆண் ராயல்கள் இரையை மறுப்பது சாதாரணம். அது அவற்றின் இனச்சேர்க்கைக் காலம், உணவு இரண்டாம்பட்சமாகிவிடும். உங்கள் பாம்பு இன்றைய கணக்குப்படி பட்டினியால் சாகும் நிலையில் இல்லை. இதை முதலில் மகனிடம் சொல்லிச் சாப்பிட வையுங்கள்.

கவலைப்பட வேண்டிய எண் 1,026. அக்டோபர் எடையில் பத்து சதவீதம் போனால் அங்கே வந்து நிற்கும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமையே, சமையலறைத் தராசில் (இதற்கென்று தனித் தராசு வாங்கிவிடுங்கள், பத்துப் பவுண்டுக்குள் கிடைக்கும்) மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து எடை பாருங்கள். கழித்ததா, சட்டை உரித்ததா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர மற்ற ஆறு நாளும் அதைக் கையில் எடுக்க வேண்டாம். உங்கள் மகன் பள்ளிவிட்டு வந்ததும் தினமும் எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் பந்தயம் கட்டுவேன். பதினான்கு வயதில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இவ்வளவு நாள் சாப்பிடாமல் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்பு. நாய்க்கும் பூனைக்கும் போகும் சாப்பாட்டில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைத்திருப்பதற்கே செலவாகிறது. பாம்புக்கு அந்தச் செலவு கிடையாது. அது வெயிலையும் உங்கள் மின்சாரக் கட்டணத்தையும் வைத்துக் காலத்தை ஓட்டிவிடும். அமெரிக்காவின் ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்தில் மார்ஷல் மெக்கியூ என்ற ஆய்வாளர் மூன்று வகைப் பாம்புகளை 168 நாள் வரை பட்டினி போட்டுப் பார்த்தார். அந்த மூன்றில் ராயல் பைத்தானும் ஒன்று. 2007-ல் வெளிவந்த முடிவின்படி, அவற்றின் எடை 9 முதல் 24 சதவீதம் வரை குறைந்தது. உடம்பு தன் இயக்கச் செலவை 72 சதவீதம் வரை சுருக்கிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டினியிலும் பாம்புகள் நீளத்தில் வளர்ந்தன. வடமொழியில் பாம்புக்குப் பவனாசனம், காற்றை உண்பது என்று ஒரு பெயர் உண்டு. மாதக்கணக்கில் ஒன்றும் தின்னாமல் கிடப்பதைக் கண்டவர்கள்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. பருவம் ஒரு காரணம்தான். வீடு மாறிய அன்றே நிறுத்தியது என்கிறீர்களே, அது இன்னொரு காரணத்தையும் காட்டுகிறது. எனக்குச் சந்தேகம் உங்கள் தொட்டியின் மேல்.

இந்தப் பாம்பு கானா, டோகோ, பெனின் பக்கத்தது. அங்கே பகலெல்லாம் எலி வளையிலும் கரையான் புற்றிலும் சுருண்டு கிடக்கும். நம் ஊரில் புற்றைப் பார்த்தால் பாம்பு என்று நினைப்பது போலத்தான், அங்கே அது நினைப்பு மட்டுமல்ல, உண்மையும்கூட. (பெனினின் ஊய்தா நகரில் இவற்றுக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. இரை தேடிக்கொள்ள அவ்வப்போது வெளியே விடுவார்கள், வீடு புகுந்தவற்றை ஊர்க்காரர்களே கொண்டுவந்து சேர்ப்பார்கள். உங்கள் மாமியாருக்குச் சொல்லுங்கள், மகிழ்வார்.) புற்றுக்குள் இருட்டு, வெதுவெதுப்பு, ஈரம், நாலு பக்கமும் உடம்பை ஒட்டிய சுவர். இப்படி வாழப் பிறந்த உயிரை நாலு பக்கமும் கண்ணாடி வைத்த தொட்டியில், டி.வி. இருக்கும் ஹாலில் வைத்தால் அதற்குப் பசி எங்கிருந்து வரும்? இரை விழுங்கும் நேரத்தில் பாம்பால் ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. பாதுகாப்பு இல்லை என்று தோன்றும் இடத்தில் அது வாயைத் திறக்காது.

ஆகவே, தொட்டியின் மூன்று பக்கத்தையும் வெளியிலிருந்து கறுப்புத் தாளால் மூடிவிடுங்கள். பதுங்கிடம் இரண்டு வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும். இல்லாவிட்டால் பிடித்ததிலேயே கிடந்து, சூட்டுக்கும் குளிருக்கும் இடம் மாறாமல் போய்விடும். அளவு முக்கியம். பாம்பு சுருண்டால் முதுகு கூரையில் இடிக்க வேண்டும். கடையில் அழகாக விற்கும் அரைமரப் பட்டை இரண்டு பக்கமும் திறந்திருக்கும், அது பதுங்கிடம் ஆகாது. ஒரு பக்கம் மட்டும் வாசல் வெட்டிய, கவிழ்த்துவைத்த பிளாஸ்டிக் தொட்டி அதைவிட நூறு மடங்கு மேல். மீதி இடத்தைச் செயற்கை இலைகளால் நிரப்புங்கள். ஒரு பதுங்கிடத்திலிருந்து மற்றதற்குப் போகும்போது வெட்டவெளியைக் கடக்கக் கூடாது.

சூட்டுக்கு வருவோம். "வெப்பமானி 30 காட்டுகிறது" என்கிறீர்கள். அது கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்ட முள் வெப்பமானியாக இருந்தால், அது காட்டுவது அந்தக் கண்ணாடியின் கதையை மட்டும்தான். பாம்பின் வயிற்றுக்கு அடியில் என்ன என்பது அதற்குத் தெரியாது. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் முதல் ராயலும் இரண்டாம் குளிர்காலத்தில் நவம்பரில் சாப்பாட்டை நிறுத்தியது. மூன்று நாளுக்கு ஒருமுறை எலியை நீட்டினேன், மடியில் வைத்துக்கொண்டு கெஞ்சினேன், எலியின் நிறத்தை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. அது எப்போதும் தண்ணீர்க் கிண்ணத்தின் பின்னால் குளிர்ந்த மூலையிலேயே கிடந்ததை மட்டும் நான் கவனிக்கவில்லை. கவனித்தாலும் அர்த்தம் புரிந்திருக்காது. எட்டு வாரம் கழித்து நண்பர் ஒருவர், தொடாமலே சூட்டை அளக்கும் தன் அகச்சிவப்பு வெப்பமானியோடு வந்தார். சூடான பக்கத்துத் தரையில் அதைக் காட்டியதும் 41 என்றது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை நான் டேப்பால் ஒட்டியிருந்தேன். டேப் காய்ந்து, முனை நழுவி, ஆற அமரக் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று குளிராக இருக்கிறது என்று நினைத்த தெர்மோஸ்டாட், ஹீட் மேட்டை விடாமல் எரித்துக்கொண்டே இருந்தது. வயிறு சுட்டுப் புண்ணாகாமல் தப்பியது அந்தப் பாம்பின் புத்திசாலித்தனத்தால்தான். அன்று முதல் நான் டேப்பை நம்புவதில்லை.

எனவே ஒரு அகச்சிவப்பு வெப்பமானி வாங்குங்கள். சூடான பதுங்கிடத்தின் தரை 32, 33 டிகிரி இருக்க வேண்டும். குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. இரவில் எங்கேயும் 24-க்குக் கீழே இறங்கக் கூடாது. இங்கேதான் இங்கிலாந்துக் குளிர்காலம் காலை வாரும். ஹீட் மேட் தரையைச் சுடுமே ஒழிய காற்றைச் சூடாக்காது. இரவு பதினொரு மணிக்கு வீட்டு ஹீட்டிங்கை அணைத்தீர்கள் என்றால் அதிகாலையில் அறை 16 டிகிரிக்குப் போய்விடும். பழைய வீட்டில் தொட்டி எங்கே இருந்தது, புதிய வீட்டில் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வெளிச்சுவரை ஒட்டியோ, வாசல் பக்கமோ, ஜன்னல் அடியிலோ இருந்தால் விடை அதுவாகவே இருக்கலாம். மேலிருந்து காற்றைச் சூடாக்கும் செராமிக் ஹீட்டர் ஒன்றைத் தெர்மோஸ்டாட்டோடு, பாம்பு தொட முடியாதபடி கம்பிக்கூண்டு போட்டு மாட்டுங்கள். செரிமானத்துக்குச் சூடு வேண்டும். அது போதவில்லை என்றால் இரையை மறுப்பதுதான் பாம்புக்கு நல்லது. குளிரில் விழுங்கினால் வயிற்றிலேயே அழுகி, கக்கத்தான் வேண்டியிருக்கும்.

ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும், சட்டை உரிக்கும் நாட்களில் இன்னும் சற்று அதிகம். ஹீட்டிங் போட்ட வீட்டுக் காற்று இதைவிட வறண்டிருக்கும். வலைமூடியில் முக்கால் பகுதியை மூடி, தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். கண் நீலம் பூத்திருந்தால் சட்டை உரிக்கப்போகிறது என்று அர்த்தம். அந்த நாட்களில் இரை காட்டவே வேண்டாம்.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகு இரண்டு வாரம் தொடாமல் விடுங்கள். தண்ணீர் மாற்றுவது, கழிவை எடுப்பது, எடை பார்ப்பது, இவ்வளவுதான். நான்கு நாளுக்கு ஒருமுறை கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் வேண்டாத எலி முகத்துக்கு நேரே வந்தால், அதற்கு எலியே ஒரு தொல்லையாகிவிடும். இது பசிக்காத குழந்தையைத் துரத்தித் துரத்தி ஊட்டுவது போன்றதுதான், அதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை.

பதினைந்தாம் நாள் மாலை ஒரு முயற்சி. 100 கிராம் எலி வேண்டாம், 50 கிராம் போதும். நீண்ட பட்டினியில் குடல் சுருங்கியிருக்கும், சிறிதாகத் தொடங்குவது நல்லது. முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், மூடிய டப்பாவில் வையுங்கள். (முருங்கைக்காய்ப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் எலியை வைத்திருந்தால், தயவுசெய்து அதற்கென்று மூடிபோட்ட தனி டப்பா ஏற்பாடு செய்யுங்கள். சால்மோனெல்லா கிருமி விளையாட்டல்ல. எலியையோ பாம்பையோ தொட்ட பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.) மைக்ரோவேவில் வைக்கவே கூடாது, வெளியே வெந்து உள்ளே பனிக்கட்டியாக இருக்கும், சமயத்தில் வெடிக்கவும் செய்யும். மாலையில் பிளாஸ்டிக் பையில் போட்டு, கை பொறுக்கும் சூட்டிலுள்ள நீரில் அரைமணி நேரம் விடுங்கள். எடுத்துத் துடையுங்கள். பிறகு ஹேர் டிரையரை எலியின் தலைமேல் ஒரு நிமிடம் காட்டுங்கள். ராயலின் மேலுதட்டில் வரிசையாகச் சிறு குழிகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவை வெப்பத்தை உணரும் குழிகள். இருட்டில் அது எலியை அறிவது அந்தச் சூட்டாலும் வாசனையாலும்தான். உள்ளே உருகியிருந்தாலும் வெளியே அறைச் சூட்டில் இருக்கும் எலி அதற்குக் கல் மாதிரி. தலை 38 டிகிரி இருந்தால் உயிருள்ளது என்று ஏமாறும்.

அறை விளக்கை அணைத்துவிடுங்கள், ஹாலில் யாரும் இருக்க வேண்டாம். நீள இடுக்கியால் எலியை இடுப்பில் பிடித்து, தலை முன்னால் வரும்படி, பதுங்கிட வாசலுக்கு ஒரு சாண் தள்ளி நடமாட விடுங்கள். நடமாட்டம் என்றால் எலி நடப்பது போல: இரண்டடி, ஒரு நிறுத்தம், திரும்பி விலகிப் போவது. பாம்பின் முகத்தை நோக்கிக் கொண்டுபோகாதீர்கள், எந்த எலியும் பாம்பின் வாய்க்குள் தானாக நடந்துவராது. நாக்கு மெதுவாக, நீளமாக வெளியே வந்து வந்து போனால், கழுத்து எஸ் வடிவத்தில் மடிந்தால் அசைவைக் குறைத்துக் காத்திருங்கள். தலையைச் சுருளுக்குள் செருகிக்கொண்டால் அன்றைய விளையாட்டு முடிந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எலியை ஒரு சிறு தட்டில் வாசலருகே வைத்து, தொட்டியை மூடிப் போய்ப் படுங்கள். பல ராயல்கள் ஆள் பார்க்க உண்பதில்லை. காலையில் அப்படியே கிடந்தால் எறிந்துவிடுங்கள், மறுபடி உறையவைக்கக் கூடாது. அடுத்த முயற்சி இன்னும் இரண்டு வாரம் கழித்துத்தான்.

என் பாம்பு தரையைச் சரிசெய்த பிறகும் உடனே உண்ணவில்லை. மார்ச் மாதத்தில் ஒரு இரவு, நம்பிக்கை இல்லாமல் எலியை வாசலில் வைத்துவிட்டு விளக்கை அணைக்கப் போனேன். பின்னால் தட் என்று ஒரு சத்தம். திரும்பினால் தட்டு கவிழ்ந்திருந்தது, எலியைச் சுற்றி இரண்டு சுருள். செத்த எலியை அது கால் மணி நேரம் நெரித்துக்கொண்டிருந்தது. நானும் மூச்சு விடாமல் அதே கால் மணி நேரம் கதவருகே நின்றேன். பத்தொன்பது வாரம் ஆகியிருந்தது.

இரண்டு மூன்று முயற்சி வீணானால் மட்டும் வாசனையை மாற்றிப் பார்க்கலாம். தென்கிழக்கு நைஜீரியாவில் காட்டு ராயல்களை ஆராய்ந்தவர்கள், சிறிய பாம்புகள் பெரும்பாலும் பறவைகளையும், ஒரு மீட்டருக்கு மேற்பட்டவை பாலூட்டிகளையும் தின்பதை 1998-ல் எழுதினார்கள். பறவை வாசனை இதன் ரத்தத்திலேயே ஊறியது, அதனால் கோழிக்குஞ்சு உதவலாம். உறைந்த குஞ்சுகள் விற்கும் கடை இங்கே பல உண்டு. உருக்கிய எலியை அதன்மேல் தேய்த்துக் கொடுத்துப் பாருங்கள். ஆப்பிரிக்க மென்மயிர் எலி என்று ஒரு வகை கிடைத்தால் அதற்கு மயங்காத ராயல் அபூர்வம். ஆனால் ருசி கண்டபின் சாதாரண எலியைத் திரும்பியும் பார்க்காது, அந்த எலியோ எப்போதும் கிடைக்காது. எனவே கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். உயிருள்ள எலியை உள்ளே விடவே விடாதீர்கள். பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். முதுகெலும்பு தெரிய மேய்ந்த படங்களைப் பார்த்திருக்கிறேன்.

வாயைத் திறந்து ஊட்டுவதற்கு என் பதில் கண்டிப்பாக வேண்டாம் என்பதுதான். தாடையிலும் உணவுக்குழாயிலும் காயம் படலாம், மிஞ்சியிருக்கும் நம்பிக்கையும் போய்விடும், பெரும்பாலும் அதைக் கக்கியும்விடும். உண்மையிலேயே தேவைப்பட்டால் கால்நடை மருத்துவர் குழாய் வழியாகக் கொடுப்பார், அது அவர் வேலை.

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்? 1,026-ஐத் தொட்டால் போக வேண்டும். அதற்கு முன்பே, மூச்சில் விசில் சத்தம், வாயோரம் குமிழி, தலையை நிமிர்த்தி வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஈறில் சிவப்பு அல்லது சீழ், இரையைக் கக்குவது, நடு உடம்பில் வீக்கம், தலை ஆடுவது, கவிழ்த்தால் நிமிர முடியாமல் தவிப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே போங்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் அது பாம்பு உண்ணி. அதுவும் பசியைக் கெடுக்கும். முதுகெலும்பு கூரை முகடு மாதிரி எழும்பி, இரு பக்கமும் குழி விழுந்தால் எடைக்கணக்கே தேவையில்லை, உடனே கிளம்புங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவரிடம் போய்ப் பயனில்லை. தொலைபேசியிலேயே ஊர்வன பார்ப்பீர்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள், புதிய கழிவு இருந்தால் டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள்.

மாமியார் சொன்ன பாலும் முட்டையும்: இரண்டும் வேண்டாம். பாலைச் செரிக்கும் வயிறு பாம்புக்கு இல்லை. புற்றில் ஊற்றும் பாலைப் பாம்பு குடிப்பதில்லை. பாம்பாட்டிகள் நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த பாம்பு, தாகத்தில் கிண்ணத்தில் எது இருந்தாலும் வாய் வைக்கும், அவ்வளவுதான். முட்டை தின்னும் பாம்புகள் உண்டு, ராயல் அந்தக் கூட்டத்தில் இல்லை. பெரியவரிடம் இதை முகத்துக்கு நேரே மறுக்க வேண்டாம். சுத்தமான தண்ணீரைத் தினமும் மாற்றும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள், பாம்புக்கு வார்த்த திருப்தி அவருக்கும் கிடைக்கும்.

விடுமுறைக்குத் தாராளமாகப் போகலாம். இவ்வளவு நேரம் சொன்னதில் உங்கள் பாம்புக்கு மிகவும் பிடித்த பகுதி அதுவாகத்தான் இருக்கும். போவதற்கு முந்தைய பத்து நாளில் இரை முயற்சி வேண்டாம். கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்து, மூடியைப் பூட்டிவிட்டு, வீட்டு ஹீட்டிங்கை முழுவதும் அணைக்காமல் 18-ல் வைத்துப் போங்கள். பக்கத்து வீட்டுக்காரர் யாரையாவது இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து தெர்மோஸ்டாட்டின் எண்ணைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். ஃப்ரீசரில் எலி இருப்பதை மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.